நிற்கும் சாமான், சாய்க்கும் சாமான்

சென்னை புதுப்பேட்டையில் ஒரு ஆக்சிலையோ ஸ்டியரிங் ஆர்மையோ கையில் எடுத்தால் நான் முதலில் விலை கேட்கமாட்டேன். பையிலிருந்து ஒரு கம்பித் துண்டை எடுத்து, சாமானை அதில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவேன். சந்தையில் மண்சட்டி வாங்கும் பெண்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்களே, அதே வேலைதான். ‘ணங்’ என்று சத்தம் இழுத்துக்கொண்டு போனால் மேற்கொண்டு பார்க்கலாம். ‘டக்’ என்று செத்துவிட்டால் உள்ளே எங்கேயோ வெடிப்பு இருக்கிறது. வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். “இன்னா நைனா, கச்சேரி வெக்கிறியா?” என்று ஒரு கடைக்காரர் கேட்டார். சிரித்துக்கொண்டு அடுத்த சாமானைத் தொங்கவிட்டேன்.

இந்தப் பழக்கம் என் மேஸ்திரியிடமிருந்து வந்தது. 1969இல், பதினைந்து வயதில், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் சித்தாபுதூரில் அவருடைய லேத் பட்டறையில் சேர்ந்தேன். ஆறு மாதம் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளியதுதான் வேலை. ஒரு நாள் இரண்டு கனெக்டிங் ராடுகளைத் தொங்கவிட்டு, “கண்ண மூடிக்க. எது செத்தது, சொல்லு” என்றார். தப்பாகச் சொன்னேன். இரண்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி ஓரமாக வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஒன்றின் கழுத்தில் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு பொடியை நனைத்துக்கொண்டு எழுந்திருந்தது. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் அது. “காது பொய் சொல்லும் தம்பி. மண்ணெண்ணெய் சொல்லாது” என்றார்.

எங்கள் பட்டறைக்கு வந்ததெல்லாம் பஞ்சாலை வேலையும் பம்ப் வேலையும்தான். ரேஸ் கார் வந்தது மில் வீட்டுப் பிள்ளைகளால். அவர்களிடம் பணம் இருந்தது. ஆனால் பணம் கொடுத்தாலும் வாங்குவதற்குக் கார் இல்லை. இறக்குமதிக் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடந்த காலம். ராஜா வீடுகளிலும் பெரிய தொழிலதிபர் வீடுகளிலும் ஒன்றிரண்டு வெளிநாட்டு ரேஸ் கார்கள் இருந்தன. மற்றவர்கள் எல்லாரும் இருப்பதை உடைத்து இல்லாததைக் கட்டினோம். அப்படிக் கட்டிய வண்டிக்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர்.

உடைப்பதற்கு இருந்தவை மூன்றே கார்கள். அம்பாசிடர் வண்டி மாடு மாதிரி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்தது, 1489 சிசி. அதே குடும்பத்து எஞ்சின்தான் இங்கிலாந்தின் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது என்பதால், அதை எப்படி முடுக்குவது என்று எழுதிய புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். இழுவை நன்றாக இருக்கும், கனம்தான் தாங்காது. ஃபியட் 1100க்கு 1089 சிசி, அலுமினிய ஹெட். சுற்றச் சுற்றச் சந்தோஷப்படும் எஞ்சின். மூன்றாவது, சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எஞ்சின் 948 சிசிதான், சாது. ஆனால் அடியில் குனிந்து பார்த்தால் தனிச் சேஸிஸ், ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன் சக்கரங்களுக்கு இரட்டை விஷ்போன். இதே குடும்பத்து முன் சஸ்பென்ஷன் பாகங்களைத்தான் லோட்டஸ் போன்ற இங்கிலாந்து ரேஸ் கார் கம்பெனிகளும் எடுத்துப் பொருத்தின. ஆனால் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

ஆகவே எங்கள் கணக்கு இதுதான்: எஞ்சினும் பின் ஆக்சிலும் ஃபியட், முன்கால்களும் ஸ்டியரிங்கும் ஹெரால்டு. இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளை ஒரே வீட்டில் வளர்ப்பதில் இருக்கும் தொல்லை இதிலும் உண்டு. ஃபியட்டின் மரை மில்லிமீட்டர், ஹெரால்டின் மரை அங்குலம். 8 மில்லிமீட்டர் நட்டை 5/16 அங்குல போல்ட்டில் பலவந்தமாக ஏற்றிவிடலாம். இறுகினது போலவே கைக்குத் தோன்றும். உள்ளே மரை பாதி அரைந்து போயிருக்கும். மேஸ்திரி இரண்டு வகை போல்ட்டுகளையும் தனித்தனி டின்களில் போட்டு, அங்குல டின்னுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். டின் மாற்றிப் போட்டவனுக்கு அன்று டீ கிடையாது.

சட்டத்தை எப்படிக் கட்டுவது என்பதை அவர் விளக்குமாற்றுக் குச்சியில் சொல்லிக் கொடுத்தார். நாலு ஈர்க்குச்சிகளைச் சதுரமாக நூலால் கட்டி என் கையில் கொடுத்து, நசுக்கச் சொன்னார். சாய்ந்தது. குறுக்கே ஒரு குச்சி கட்டினார். நின்றது. “சதுரம் சாயும், முக்கோணம் நிக்கும். இவ்வளவுதான் படிப்பு.” எஞ்சின் இருக்கும் இடம், ஆள் உட்காரும் இடம் இரண்டிலும் குறுக்குக் குழாய் போட முடியாது. எந்தச் சட்டமும் சோடை போவது அங்கேதான். அந்த இரண்டு இடங்களையும் சுற்றியிருக்கும் முக்கோணங்கள் எப்படித் தாங்கும் என்பதற்காகவே இரண்டு வாரம் குச்சியில் மாதிரி கட்டிப் பிரிப்போம்.

குழாய் விஷயத்தில் அடிபட்டுத்தான் படித்தோம். முதல் சட்டத்துக்குத் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தினோம். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால் வெள்ளைப் புகை எழும்பும்; அன்று ராத்திரி இரண்டு பேருக்குக் குளிர் காய்ச்சல். பற்றவைத்த இடமும் உறுதியாக நிற்கவில்லை. அடுத்து நாற்காலி செய்யும் குழாய். அது இலேசுதான், ஆனால் வளைக்கும்போது தையல் வழியே பிளந்தது. கடைசியில் தையலில்லாத சீம்லெஸ் குழாய்க்கு வந்தோம். சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலும் தூக்குக்குண்டும். கொத்தனார் சுவர் எழுப்புவதற்கும் எங்களுக்கும் அதில் வித்தியாசம் இல்லை.

நாலு சக்கரத்திலும் எடை எப்படி உட்காருகிறது என்று பார்க்க, மில் கோடவுனிலிருந்து பஞ்சுப் பேல் நிறுக்கும் தராசுகளை இரவல் வாங்குவோம். ஒரு பேல் 170 கிலோ. எங்கள் வண்டி ஒரு சக்கரத்துக்கு 130 கிலோ என்றால் தராசுக்குச் சுலபம். ஓட்டுகிற ஆளை உட்காரவைத்து, ஸ்பிரிங்குக்கு அடியில் தகடு வைத்து வைத்து, குறுக்கு மூலைகளைச் சரிக்கட்டுவோம். எடை பார்க்கும் அன்று மில் வேலை நின்றுவிடாமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு நாள்.

எஞ்சின் வேலையில்தான் கோயம்புத்தூரின் அருமை தெரியும். ஒரு சிலிண்டருக்கு 272 சிசி. ஹெட்டில் நெருப்புப் பிடிக்கும் அறை 39 சிசி இருந்தால் அழுத்தம் எட்டுக்கு ஒன்று. 32 சிசியாகக் குறைத்தால் ஒன்பதரைக்கு ஒன்று. அறையின் கொள்ளளவை அளக்க ஒரு பள்ளிக்கூட லேப் உதவியாளரிடம் பியூரெட் வாங்கி வந்து, கண்ணாடித் தகட்டால் மூடி, ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விடுவோம். நாலு அறையும் ஒரே அளவு வரும்வரை தேய்ப்பு. கிராங்க் ஷாஃப்டை எடை சமன் செய்ய மோட்டார் ரோட்டார் பாலன்ஸ் செய்யும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். பம்ப் மோட்டார் செய்கிற ஊர் என்பதால் அந்த இயந்திரம் தெருவுக்கு ஒன்று இருந்தது. மில்லும் ஃபவுண்டரியும் பம்பும் இல்லாத ஊராக இருந்தால் எங்களால் ஒரு காரும் கட்டியிருக்க முடியாது.

ஹெட்டைச் சீவின முதல் வருஷம் என் தப்பும் நடந்தது. இரண்டு மில்லிமீட்டர் சீவினால் புஷ் ராடு இரண்டு மில்லிமீட்டர் நீண்டதற்குச் சமம் என்று எனக்கு உறைக்கவில்லை. ராக்கர் திருகை மேலே மேலே தளர்த்தினேன். கடைசியில் திருகுவதற்கு மரையே மிச்சமில்லை. வால்வு முழுசாக மூடாமல் எஞ்சின் இருமியது. மேஸ்திரி ராக்கர் தூணின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் தகடு வைத்தார். “ஒரு எடத்துல சீவுனா இன்னொரு எடத்துல ஏத்தோணும்” என்றார். அவர் ஹெட்டைப் பற்றித்தான் சொன்னார்.

*

நான் முதல் முறை சோழவரம் போனது 1972இல். மில் லாரியில் வண்டியைக் கட்டி ஏற்றி, சேலம் வழியாக ராத்திரிப் பயணம். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போகிற சாலையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பந்தயம் நடத்தியது. மரமில்லை, நிழலில்லை. ஓரத்தில் வைக்கோல் கட்டு. பொங்கல் கழிந்த பருவத்தில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். சோற்றுப் பொட்டலமும் குடையுமாகக் குடும்பத்தோடு வருவார்கள்.

எனக்கு முதலில் எட்டியது சத்தமல்ல, வாசனை. விளக்கெண்ணெய்! சின்ன வயதில் பேதிக்குக் கொடுக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். ரேஸ் எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயும் ஆமணக்கில் செய்ததுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடும் சூட்டிலும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நழுவாமல் நிற்கும். ஆனால் ஓட்டம் முடிந்த ராத்திரியே வடித்துவிட வேண்டும். ஒரு வருஷம் அலுப்பில் வடிக்காமல் விட்டு, இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் பிஸ்டன் எல்லாம் பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்தது.

சோழவரம் எஞ்சின்களைக் கொன்றது வளைவில் அல்ல, நேர்ப்பாதையில். நீண்ட ஓடுதளம், ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தி வைத்தபடியே இருப்பார்கள். ஃபியட் கிராங்குக்கு மூன்றே மெயின் பேரிங். அத்தனை சுற்றில் நடுவில் கிராங்க் கயிறு மாதிரி ஆடும். சாயங்காலம் எண்ணெய் வடித்தால் அதில் வெள்ளி மினுங்கும். பேரிங்கின் உடம்பு அது. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் பேரிங் மாற்றியவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. பக்கத்துக் கூடாரத்தில் பெங்களூர்க்காரர்கள், அந்தப் பக்கம் கல்கத்தாக்காரர்கள். பகலில் எதிரிகள், ராத்திரி கேஸ்கட் இரவல் கேட்டு வருவார்கள், நாங்களும் போவோம்.

*

1978ஐப் பற்றி எழுதாமல் போனால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

மேஸ்திரிக்குப் பார்வை மங்கியிருந்தது. முதன்முதலாக ஒரு காரை அடியிலிருந்து முடிவரை நானே கட்டினேன். ஓட்டுபவர் மில் வீட்டு இளைய பிள்ளை. எல்லாரும் சின்னவர் என்போம். என் வயதுதான் அவருக்கும், இருபத்து நாலு. காரின் அழகைக் கெடுக்கிறது என்று தலைக்குப் பின்னால் இருக்கும் வளையம் வேண்டாம் என்று நான் சொன்னேன். மேஸ்திரி பிடிவாதமாக வைக்கச் சொன்னார். வேண்டாவெறுப்பாக வைத்தேன்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்துக் கம்பியின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரனியன் என்கிற பித்தளைக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்பும். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் வைக்கக் கூடாது என்று கம்பெனிப் புத்தகத்திலேயே உண்டு. நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் அதை யார் படித்தார்கள்? நிப்பிள் தெரிந்த இடத்தில் எல்லாம் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாது. மழைத் தண்ணீர் போகும். பல வருஷத் துரு உள்ளேயே உட்கார்ந்து கம்பியைத் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் கிரீஸ் பூசிப் பளபளவென்று இருக்கும்.

எடைக்கு வாங்கிய சாமான் அது. தொங்கவிட்டுத் தட்டினேன். சத்தம் மங்கலாகத்தான் வந்தது. பித்தளையோடு சேர்ந்திருக்கிறது, மங்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பித்தளையைத் திருகிக் கழற்றி உள்ளே பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பயிற்சி ஓட்டம். வேகமான இடத்தில்கூட இல்லை; குறுகின வளைவில் ஸ்டியரிங் முழுசாகத் திரும்பியிருந்தபோது, இடது முன்சக்கரம் முழங்கால் ஒடிந்த மாடு மாதிரி மடங்கியது. வண்டி மூக்கைத் தரையில் குத்திக் கவிழ்ந்தது. நான் ஓடிப்போனபோது சின்னவர் வளையத்தின் நிழலுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது. வளையம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன்.

உடைந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டத்தின் பெரும்பகுதி கறுப்பு. எப்போதோ உடைந்து துருவேறிய இடம். ஓரத்தில் நகப்பிறை அளவு மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. அன்றைக்குக் காரைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பிறை மட்டும்தான்.

ஊருக்குத் திரும்பியதும் மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. ஒரு கணக்கு நோட்டை எடுத்து, நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் ‘நிற்கும்’, வலது பக்கம் ‘சாய்க்கும்’. “பழசு புதுசுங்கறது அப்பறம். ஒடஞ்சா வண்டி நிக்குமா, ஆளச் சாய்க்குமா? அத மொதல்ல கேளு. நிக்கற பக்கத்துக்கு எத்தன பழசு வேணாலும் போடு. சாய்க்கற பக்கத்துக்குப் பழசு வெக்காத. கெடைக்காட்டிக் கடஞ்சு வையி. கடைய முடியாட்டி, கார் கட்டாத.”

சொல்வது சுலபம். எழுத உட்கார்ந்தபோதுதான் எது எந்தப் பக்கம் என்பதே பெரிய படிப்பு என்று தெரிந்தது. கார்புரேட்டர் நிற்கும் பக்கம். அதன் த்ராட்டிலை இழுத்து மூடும் எட்டணா ஸ்பிரிங் சாய்க்கும் பக்கம், ஏனென்றால் அது அறுந்தால் எஞ்சின் தானாக அடங்காது. டைனமோ நிற்கும், முன் எஞ்சின் காரில் ஓட்டுபவரின் காலடியில் சுற்றும் ஃபிளைவீல் சாய்க்கும். அதுவும் வேகத்துக்காகச் சீவிச் சீவி மெலிந்த வார்ப்பிரும்பு என்றால் வெடிகுண்டுக்குச் சமம். ரேடியேட்டர் நிற்கும், ஆனால் முழங்காலுக்கு மேல் போகும் சுடுதண்ணீர் ஹோஸ் சாய்க்கும். கியர்பாக்ஸ் நிற்கும், தொடைக்குப் பக்கத்தில் சுற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு சாய்க்கும். ஆகவே அதைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை. பிரேக்கில் டிரம் பழசாக இருக்கலாம், அளந்து கடைந்தால் போதும். ரப்பர், குழாய், சிலிண்டர் எல்லாம் புதுசு. பின் ஆக்சில் கூடு பழசு, உள்ளே ஓடும் ஷாஃப்ட் ஈஎன் 24 இரும்பில் கடைந்த புதுசு. அந்த நோட்டில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் எழுதிவிட்டேன். இடதிலிருந்து வலதுக்கு மாற்றிய வரிகள் நிறைய. வலதிலிருந்து இடதுக்கு ஒன்றுகூட மாற்றவில்லை.

அந்த ட்ரனியன், முறிந்த கம்பியின் நுனி உள்ளே சிக்கியபடி, பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

*

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எஞ்சினும் கியர்பாக்சும் ஒரே கட்டாக முன்னால் இருந்து முன்சக்கரத்தையே இழுக்கும் கார். முதலில் எங்களுக்கு அதை எப்படி உபயோகிப்பது என்று புரியவில்லை. கோயம்புத்தூரின் கரிவர்தனுக்குப் புரிந்தது. லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த அவர், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1988இல் ஃபார்முலா மாருதி பிறந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். யார் பட்டறை கெட்டிக்காரப் பட்டறை என்ற கேள்வி போய், யார் கெட்டிக்கார ஓட்டுநர் என்ற கேள்வி வந்தது. அந்த வரிசையில் தொடங்கிய கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார்.

எங்கள் மாதிரி ஆட்களின் தொழில் அங்கேதான் முடியத் தொடங்கியது. சொல்லிக்கொள்ள எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நியாயம் அதுதான். எங்கள் காலத்தில் என் கவனக்குறைவுக்கு ஒருவர் எலும்பைக் கொடுத்தார். ஒரே மாதிரிக் காரில் ஒரு குறை தெரிந்தால் எல்லாக் காரிலும் திருத்திவிடலாம்.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென்று பந்தயப் பாதை அமைத்தது. சோழவரம் நினைவாகிப் போனது. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவும் திறந்தது. 1995இல் கரிவர்தன் சிறு விமான விபத்தில் இறந்தார். அன்று கோயம்புத்தூரில் பல லேத்துகள் ஓடவில்லை, எங்களுடையதும். 2003இல் செட்டிபாளையத்தில் அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தது.

2000இல் பெட்ரோலில் ஈயம் போனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி காத்துவந்தது. அது போனதும் வால்வு இரும்பைக் குடைந்து உள்ளே இறங்கியது. ஹெரால்டு, அம்பாசிடர் ஹெட்டுகளுக்குக் கெட்டி இரும்பில் வளையம் அடித்துக் கொடுப்பதே சில வருஷம் எனக்குச் சோறு போட்டது. அந்தக் கார்களும் மறையத் தொடங்கின. முன்பு எடைக்கு விற்ற சாமானுக்கு இப்போது ‘வின்டேஜ்’ என்று தனி விலை. புதுப்பேட்டையில் ஹெரால்டு என்று கேட்டால் சின்னப் பையன்கள் முழிக்கிறார்கள்.

*

சென்ற ஆண்டு சின்னவர் பட்டறைக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய பிறகும் அவர் எனக்குச் சின்னவர்தான். பேரன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே எடுத்த படம் ஒன்றைப் போனில் காட்டினார். பழைய ஸ்பிரின்ட் கார். நீண்ட மூக்கு, வெளியே தெரியும் நாலு சக்கரம், பாதி உடம்பு வெளியே தெரிய நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஆள், அகலமான ஸ்டியரிங் வீல். மண்ணில் போட்ட சின்ன வட்டப் பாதையில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடும் வண்டி அது. ஸ்டார்ட்டர் கிடையாது, பின்னாலிருந்து இன்னொரு வண்டி தள்ளிவிட வேண்டும். அந்த ஊரிலும் ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களை உடைத்துத்தான் ஆரம்பத்தில் இதைக் கட்டினார்களாம். அவர்களுக்கும் ஒரு புதுப்பேட்டை இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்தத் தோற்றத்துல ஒண்ணு கட்டித் தாங்க. நம்ம பழைய சாமானப் போட்டே” என்றார்.

“ஓட்டறது யாருங்க?”

“நாந்தான்.”

நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

எஞ்சின், ஃபியட் 1100இன் பின்னாள் பெயரான பிரீமியர் பத்மினி, 1089 சிசி. கியர்பாக்சும் அதுவே, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியர்த் தண்டைத் தரைக்கு மாற்றினோம். ரேடியேட்டர் பழசு, கோர் மாற்றிக் கொடுக்கும் பெரியவர் இன்னும் உக்கடத்தில் இருக்கிறார். மீட்டர்கள், விளக்கில்லாத டேஷ்போர்டு, பெட்ரோல் மூடி, எல்லாம் என் பரணிலிருந்து. சட்டம் முழுக்கப் புதுச் சீம்லெஸ் குழாய். ஹெரால்டு விஷ்போன்கள் மண்ணெண்ணெய்ப் பரீட்சை தேறியவை; ஆனால் செங்குத்துக் கம்பி, ட்ரனியன், ஸ்டப் ஆக்சில் மூன்றும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த புதுசு. இந்தப் பாகங்களை அங்கே இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நான் அவற்றுக்குக் கொடுத்த பணத்தில் 1978இல் ஒரு முழுக் காரையே வாங்கியிருக்கலாம்.

என்னோடு வேலை செய்கிற தம்பி டிப்ளமோ படித்தவன். சட்டத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து எந்தக் குழாய் எவ்வளவு வளையும் என்று நிறம் போட்டுக் காட்டினான். எஞ்சின் இருக்கும் இடமும் ஆள் உட்காரும் இடமும் சிவப்பு. பரணிலிருந்து மேஸ்திரியின் ஈர்க்குச்சி மாதிரி ஒன்றை இறக்கிக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுலயும் அங்கதானுங்க ரெட்டைக் குச்சி போட்டிருக்காரு” என்றான்.

சண்டை ஒன்றே ஒன்றுதான் வந்தது. படத்தில் தலைக்குப் பின்னால் வளையம் இல்லை. வைத்தால் பழைய தோற்றம் போய்விடும் என்றார் சின்னவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய இடது தோள் வலதைவிட விரற்கடை தாழ்ந்திருக்கும், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. “சரி, கறுப்புப் பெயின்ட் அடிச்சிருங்க. கண்ணுக்குத் தெரியாம இருக்கட்டும்” என்றார்.

எழுந்து போகும்போது சுவரில் தொங்கிய பித்தளையைப் பார்த்தார். கையில் எடுத்து எடை பார்த்தார். “இது நம்மளுதுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அவரிடம் அதுவரை காட்டியதில்லை. திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, தம்பியிடம் நீட்டி, “இதுல கியர் குமிழு கடைய முடியுமா?” என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.

சிக்கியிருந்த துருக்கம்பியை எடுக்கவே அரை நாள் ஆனது. மெஷின் ஆயிலில் ஊறவைத்து, சூடு காட்டி, மெல்ல மெல்லத் துளைத்து எடுத்தான். நாற்பத்தாறு வருஷம் கழித்து நான் அதைக் கழற்றிப் பார்த்தது அன்றைக்குத்தான். லேத்தில் மாட்டியபோது பித்தளை தங்கம் மாதிரி சுருள் சுருளாகக் கொட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செட்டிபாளையம் கொண்டுபோனோம். எஞ்சினில் ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றியிருந்தேன், அவருக்காக. மூன்று பேர் தள்ளிவிட, இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்த வாசனை வந்ததும் சின்னவர் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். மெதுவாகத்தான் போனார். முதல் வளைவுக்கு முன்னால் அவர் கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கிக் குமிழைப் பிடித்து இரண்டாவது கியருக்குத் தள்ளுவதை நான் மதில் ஓரத்திலிருந்து பார்த்தேன். முன்சக்கரம் திரும்பியது. நேராக நின்றது.

பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். ஒரு வரி பாக்கி இருந்தது. இடது பக்கம் எழுதினேன்: கியர் குமிழ், ஹெரால்டு பித்தளை, பழசு.